கர்ப்பிணியின் ரத்தத்தில் முன்கூட்டியே வரும் எச்சரிக்கை

யானைமலை அடிவாரத்தில், மதுரையில் இருந்து மேலூர் போகும் ரோட்டில் இருக்கிறது, ஒத்தக்கடை. ஒரு காலத்தில் அங்கே ஒற்றைக் கடைதான் இருந்தது, அதனால் இந்தப் பெயர் வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். இன்று அங்கே உள்ள கடைகளை எண்ணி முடியாது.

அந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் மகள், வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்து இருக்கிறாள். எட்டாவது மாதம். காலையில் எழுந்தால் முகம் உப்பி இருக்கிறது. கால் விரலில் மெட்டி இறுக்குகிறது.

"அம்மா, மெட்டியைக் கழற்ற முடியலைம்மா!"

"நீர் போட்டிருக்குடி. உன்னைச் சுமந்தப்ப எனக்கும் இப்படித்தான். பார்லி வச்சுத் தாரேன், குடி. சரியாப் போயிடும்."

பெரும்பாலும் தாய் சொல்லுவது சரியாகவே இருக்கும். பிரசவம் நெருங்கும்போது கால் வீங்குவது சாதாரண விஷயம். பிள்ளை பிறந்ததும் வீக்கம் வடிந்து விடும்.

ஆனால், சில பெண்களுக்கு அது வெறும் நீர் அல்ல. ரத்தக் கொதிப்பு!

கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டிய பிறகு, அதுவரை ஒழுங்காக இருந்த ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கும். 140-க்கு 90 என்ற அளவைத் தொடும். சிறுநீரில் புரதம் இறங்கும். தலைவலி வரும். கண் மங்கும். நெஞ்சுக்குக் கீழே, வலது பக்கத்தில் வலி எடுக்கும். டாக்டர்கள் இந்த நோய்க்கு "பிரீ-எக்லாம்ப்சியா" என்று பெயர் வைத்து இருக்கிறார்கள். வலிப்புக்கு முந்திய நிலை என்று பொருள். முந்திய நிலையில் கவனிக்காமல் விட்டால், அடுத்து வருவது வலிப்பு.

அந்தக் காலத்தில் இதை "ஜன்னி கண்டுவிட்டது" என்றார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி, வேப்பிலை அடித்த வீடுகளும் உண்டு. வேப்பிலையின் மீது தப்பு இல்லை. நேரம் போய்விடும். அதுதான் ஆபத்து.

உலகத்தில் 100 கர்ப்பிணிகளில் 3 பேர் முதல் 8 பேர் வரை இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். ஆண்டுதோறும் 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்கள் இதனால் இறக்கிறார்கள். வயிற்றிலேயே இறக்கும் சிசுக்களையும், பிறந்தவுடன் இறக்கும் சிசுக்களையும் சேர்த்தால் சுமார் 5 லட்சம்!

இப்படிப்பட்ட நோய் வரப் போகிறது என்பதை, மெட்டி இறுகுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்கிறார்கள், விஞ்ஞானிகள். கர்ப்பிணியின் ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் போன்ற சில பொருள்களை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். அந்த அளவை அரை மணி நேரத்தில் எடுத்துக் காட்டும் ஒரு கருவியை, சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் உருவாக்கி, 2025-ம் ஆண்டில் அறிவித்து இருக்கிறார்கள்.

அந்தக் கருவி ஒத்தக்கடைக்கு வந்தால் யாருக்குப் பயன்படும்? வருகிற வரையில் என்ன செய்வது? கேள்வி அதுதான்.

நஞ்சும் நஞ்சுக்கொடியும்

தாயின் ரத்தத்தில் இருந்து பிள்ளைக்கு உணவும் மூச்சுக் காற்றும் எடுத்துக் கொடுப்பது, நஞ்சுக்கொடி. தமிழில் அதை வெறுமனே "நஞ்சு" என்றும் சொல்லுவது உண்டு. "பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சு இன்னும் விழவில்லை" என்பார்கள், மருத்துவச்சிகள்.

நஞ்சு என்றால் விஷம் என்றும் பொருள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

முந்திய தலைமுறை டாக்டர்கள் இந்த நோயை "டாக்ஸீமியா" என்று அழைத்தார்கள். ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். என்ன விஷம், எங்கே இருந்து வருகிறது? அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடித் தேடிப் பார்த்தார்கள். அகப்படவில்லை. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டு விட்டார்கள்.

ஆனால், ஒன்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்து இருந்தது. பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டால், நோய் இறங்கத் தொடங்குகிறது. வயிற்றில் பிள்ளையாக உருவாகாமல் முத்துப்பிள்ளையாக, அதாவது நஞ்சுக்கொடித் திசு மட்டுமே கொத்துக் கொத்தாக வளரும் பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. அங்கே பிள்ளையே இல்லை! ஆகவே, குற்றவாளி பிள்ளை அல்ல. நஞ்சுக்கொடிதான்.

கடை மடைக்குத் தண்ணீர் வராவிட்டால்...

ஒத்தக்கடையைச் சுற்றி உள்ள வயல்காரர்களுக்கு இதை எளிதில் விளங்க வைக்கலாம்.

கண்மாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால், வாய்க்காலைத் தூர் வாரி அகலப்படுத்தவில்லை. கடை மடை வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

கர்ப்பப் பையிலும் இதே கதைதான். கர்ப்பம் தரித்த முதல் சில மாதங்களில், நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் தாயின் கர்ப்பப் பைச் சுவருக்குள் இறங்குகின்றன. அங்கே உள்ள மெல்லிய, சுருள் சுருளான ரத்தக் குழாய்களை அகலமாக்குகின்றன. வாய்க்கால் வெட்டும் வேலை அது. இந்த வேலை ஒழுங்காக நடந்தால், கடைசி மாதம் வரை பிள்ளைக்கு ரத்தம் தாராளமாகப் பாயும்.

சில பெண்களுக்கு இந்த வேலை பாதியில் நின்று விடுகிறது. குழாய் குறுகலாகவே இருக்கிறது. ஐந்து மாதம் வரை சமாளித்துக் கொள்ளலாம். அதற்கு மேல் பிள்ளை வளர வளரத் தேவை கூடுகிறது. வரவு கூடவில்லை. நஞ்சுக்கொடி பட்டினி கிடக்கிறது.

பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி சும்மா இருப்பது இல்லை. தாயின் ரத்தத்தில் ஒரு பொருளை அளவுக்கு மேல் கொட்டுகிறது. அந்தப் பொருள் என்ன என்பதுதான் நீண்ட காலம் அகப்படாமல் இருந்த ரகசியம்.

எலிகள் காட்டிய உண்மை

ரகசியத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர், சென்னையில் மருத்துவம் படித்த ஒரு டாக்டர். பெயர் அனந்த் கருமாஞ்சி. அவர் பிரசவ டாக்டர் அல்ல. சிறுநீரக டாக்டர்! அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்து வந்தார்.

இந்த நோய் வந்த பெண்களின் நஞ்சுக்கொடியையும், நோய் இல்லாத பெண்களின் நஞ்சுக்கொடியையும் அவருடைய குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகளின் நஞ்சுக்கொடியில் ஒரு புரதம் மிக அதிகமாக இருந்தது. "எஸ்.எஃப்.எல்.டி.-1" என்பது அதன் பெயர். வாயில் நுழையாத பெயர். இங்கே அதைத் "தடுப்பான்" என்று வைத்துக்கொள்வோம்.

அந்தப் புரதத்தை எலிகளின் உடலில் உண்டாக்கிப் பார்த்தார்கள். எலிகளுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது! சிறுநீரில் புரதம் இறங்கியது! சிறுநீரகத்தில், இந்த நோய்க்கே உரிய சேதம் தெரிந்தது! கர்ப்பம் இல்லாத எலிகளுக்கும் இவை வந்தன. 2003-ம் ஆண்டு இந்த முடிவு வெளியாயிற்று.

தடுப்பான் என்ன செய்கிறது?

தாயின் ரத்தக் குழாய்களை இளக்கமாக, ஆரோக்கியமாக வைத்து இருக்கச் சில வளர்ச்சிப் பொருள்கள் ரத்தத்தில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றை நஞ்சுக்கொடியே சுரக்கிறது. "பி.எல்.ஜி.எஃப்." என்று அதற்குப் பெயர். அதை "வளர்ப்பான்" என்று சொல்லலாம். தடுப்பான், வளர்ப்பானைப் பிடித்துக் கட்டிப் போட்டு விடுகிறது. ரத்தக் குழாய்கள் காவல் இழந்து இறுகுகின்றன. ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. குழாய்ச் சுவரில் கசிவு உண்டாகிறது. அதனால்தான் வீக்கம். சிறுநீரகத்தில் புரதம் ஒழுகுவதும் அதனால்தான். ஈரலும் மூளையும் அடுத்து அடி வாங்குகின்றன.

விஷம் என்று பழைய டாக்டர்கள் சொன்னது முழுப் பொய் அல்ல!

அடுத்த ஆண்டு, 2004-ல், இன்னொரு முக்கியமான விஷயம் தெரிந்தது. நோய் வெளியே தெரிவதற்குச் சுமார் 5 வாரங்களுக்கு முன்பே ரத்தத்தில் தடுப்பான் ஏறத் தொடங்கி விடுகிறது. வளர்ப்பானோ, நாலாவது மாதத்திலேயே குறைவாக இருக்கிறது.

ஐந்து வாரம் என்பது சிறிய அவகாசம் அல்ல. ஒரு பெண்ணை அடிக்கடி பரிசோதித்துப் பார்க்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். நள்ளிரவில் வலிப்போடு 108 ஆம்புலன்சில் ஏற்றுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

பரிசோதனையின் பலம் எங்கே?

இரண்டு பொருள்களையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, ஓர் எண்ணைச் சொல்லுவதுதான் இப்போது வெளிநாடுகளில் நடக்கும் பரிசோதனை.

2016-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், இந்த எண் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்தில் நோய் வருவதற்கான வாய்ப்பு 100-க்கு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. ஆனால், 38-க்கு மேல் போன பெண்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடவில்லை. நாலு வாரத்துக்குள் வந்தது, 100-க்குச் சுமார் 37 பேருக்குத்தான்.

இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பரிசோதனை, "உனக்கு ஆபத்து இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லுவதில் கெட்டிக்காரத்தனமானது. "உனக்கு நிச்சயம் வரும்" என்று சொல்லுவதில் அவ்வளவு கெட்டி அல்ல.

பத்திரிகைகளில் வரும் தலைப்புகள் இதைத் தலைகீழாகச் சொல்லுகின்றன!

இங்கிலாந்தில் 11 பிரசவ ஆஸ்பத்திரிகளில், சந்தேகத்துக்கு உரிய பெண்களுக்கு வளர்ப்பானை அளந்து பார்த்தார்கள். முன்பு நோயை உறுதி செய்ய சராசரியாக 4 நாள் ஆயிற்று. பரிசோதனை வந்த பிறகு 2 நாள்கூட ஆகவில்லை. 2019-ல் இந்தக் கணக்கு வெளியாயிற்று. அமெரிக்காவில், 2023-ம் ஆண்டு மே மாதம் இந்த ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. அதுவும், ரத்தக் கொதிப்போடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பெண்களுக்கு மட்டும்.

நம் நாட்டிலும் பெரிய நகரங்களில் சில தனியார் ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்கின்றன. ஆனால் செலவு, ஆயிரக்கணக்கில். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு எட்டாத கனி.

அதனால்தான் சென்னை ஐ.ஐ.டி.யின் செய்தி முக்கியம் ஆகிறது. பேராசிரியர் ராகவேந்திர சாய் தலைமையில், வேலூர் விஞ்ஞானிகளும் சேர்ந்து இந்தக் கருவியை உருவாக்கினார்கள். ஆங்கில எழுத்து "யு" போல வளைத்த ஒரு பிளாஸ்டிக் ஒளி இழை. அதன் மேல், வளர்ப்பானைப் பிடிக்கும் பொருள் பூசி இருக்கிறது. ரத்தத்தில் இருந்து பிரித்த நீரை அதன் மேல் விட்டால், இழைக்குள் ஓடும் வெளிச்சம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து, வளர்ப்பான் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். மிக மிக நுண்ணிய அளவைக்கூட அரை மணி நேரத்தில் காட்டியதாக அறிவித்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் தேறிய கருவி இது. ஆய்வுக்கூடம் வேறு. மின்சாரம் விட்டு விட்டு வரும் சுகாதார நிலையம் வேறு. எந்தப் புதுக் கருவியும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஊருக்குள் வர வேண்டும். அதில் அவசரம் கூடாது.

தாய்க்கும் சேய்க்கும் நடுவில் ஒரு கதவு

இதுவரை சொன்னது தாயின் கதை. பிள்ளையின் கதை என்ன?

உடம்புக்கு ஆபத்து வரும்போது சுரக்கும் ஒரு ஹார்மோன் உண்டு. "கார்ட்டிசால்" என்று பெயர். பயந்தாலும், பசித்தாலும், நோய் வந்தாலும் சுரக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் இது இயல்பாகவே அதிகம். பிள்ளையின் உடம்பிலோ, பிரசவம் நெருங்கும் வரை குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் நடுவே, நஞ்சுக்கொடியில் ஒரு கதவு இருக்கிறது. ஒரு நொதிப்பொருள்தான் அந்தக் கதவு. தாயின் கார்ட்டிசால் பிள்ளையிடம் போகும் வழியில், அதைப் பிடித்துப் பல் பிடுங்கிய பாம்பாக ஆக்கி அனுப்புகிறது.

பிரீ-எக்லாம்ப்சியா வந்த தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் இந்தக் கதவு பலவீனமாக இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு இருக்கிறார்கள். கதவு சரியாக மூடாவிட்டால், கார்ட்டிசால் உள்ளே நுழைகிறது. பிள்ளையின் வளர்ச்சி குறையலாம். எடை குறைந்த குழந்தைகளின் தொப்புள் கொடி ரத்தத்தில், வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன் குறைவாக இருப்பதையும் பார்த்து இருக்கிறார்கள்.

தாயின் ரத்தத்திலும் வேறு மாற்றங்கள் உண்டு. ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் டெஸ்டோஸ்டிரோன், இந்த நோய் வந்த பெண்களுக்கு அதிகமாக இருக்கிறது. கொழுப்புத் திசுவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் லெப்டின் கூடுகிறது. தைராய்டு சுரப்பி சற்றுத் தளர்கிறது.

இவற்றில் எது நோய்க்குக் காரணம், எது நோயின் விளைவு? இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. பிள்ளை பிறந்த பிறகு தொப்புள் கொடியில் எடுத்த ரத்தம், நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். எது முந்தி வந்தது என்று சொல்லாது. ஆகவே, "ஹார்மோன் பரிசோதனை" என்று எதைச் சொன்னாலும் பணம் கட்டிவிடக் கூடாது. நோயை முன்கூட்டிக் காட்டும் என்று பெரிய ஆராய்ச்சிகளில் தேறி இருப்பவை வளர்ப்பானும் தடுப்பானும்தான்.

ஹார்மோன் இங்கே எதிரியாக மட்டும் வரவில்லை. நண்பனாகவும் வருகிறது.

தாயைக் காப்பாற்ற, 34 வாரம் ஆவதற்கு முன்பே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டி வரலாம். அந்தப் பிள்ளையின் நுரையீரல் பக்குவப்பட்டு இருக்காது. அப்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். கார்ட்டிசாலின் உறவுக்கார மருந்துதான் அது. ஆனால், கதவு தடுக்க முடியாத மருந்து. பிள்ளையிடம் போய் நுரையீரலை முதிர வைக்கிறது. நியூசிலாந்து டாக்டர்கள் லிக்கின்ஸ், ஹௌவி ஆகிய இருவரும் 1972-ல் இதை நிரூபித்தார்கள். விலை மலிவான மருந்து. இதனால் பிழைத்த குறைமாதக் குழந்தைகள் எத்தனையோ லட்சம்!

பாதியில் கைமாறும் பெண்

தமிழ்நாட்டில் பிரசவங்கள் 100-க்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு சொன்ன கணக்கு இது. 2018-20 கணக்குப்படி, நாடு முழுவதும் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. பெருமைப்படக் கூடிய வித்தியாசம்தான். ஆனாலும் அந்த 54-ஐக் குறைப்பது கடினம். ஏன் என்றால், பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நோயோ, அதற்கு முந்திய வாரங்களில் வீட்டில் வளர்கிறது.

இங்கே நம்முடைய வழக்கம் ஒன்றையும் பார்க்க வேண்டும்.

இந்த நோய் அதிகம் வருவது, தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண்களுக்கு. அது வருவது, பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். சரியாக அந்த நேரத்தில்தான், தலைச்சன் பிரசவத்துக்கு என்று பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள்!

முதல் ஆறு மாதம், புருஷன் ஊர் நர்ஸ் அவளைப் பார்த்து இருப்பார். ரத்த அழுத்தம் 100-க்கு 60 என்று எழுதி இருப்பார். ஏழாவது மாதம் வளைகாப்பு. பிறகு ஒத்தக்கடைக்கு வருகிறாள். இங்கே உள்ள நர்ஸ் அளந்தால் 130-க்கு 86. "140 தாண்டவில்லையே, பரவாயில்லை" என்று தோன்றும். ஆனால், 100-ல் இருந்து 130-க்கு ஏறிய பெண், எப்போதும் 130-ல் இருக்கும் பெண் அல்ல. நோய் என்று சொல்ல முடியாது. மறுபடி சீக்கிரம் அளந்து பார்க்க வேண்டியவள். இது, பழைய அட்டையைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அட்டை எங்கே?

"மாமியார் வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன் சிஸ்டர்!"

கர்ப்பிணிகளை 12 வாரத்துக்குள் பதிவு செய்து, எண் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் அந்த எண்தான் ஆதாரம். அதனால் பணத்துக்காக எண்ணை மறக்காமல் எடுத்து வருகிறார்கள். ரத்த அழுத்தம் எழுதிய அட்டையை மறந்து விடுகிறார்கள்! சீர் வரிசைத் தட்டோடு அந்த அட்டையும் வர வேண்டும். எண்ணைத் தட்டினால் பழைய அளவுகள் வருகின்றனவா என்று பார்க்க நர்சுக்கும் நேரம் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள் கூட்டம்தான். பெஞ்சு நிறைந்து இருக்கும். கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, அளந்து, எழுதி, "அடுத்து யாரும்மா?" என்று கூப்பிடும் நர்சுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மேலூர் பஸ்சை விட்டு இறங்கி ஓடி வந்து உட்கார்ந்தவுடன் அளந்தால், அளவு ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கவிட்டு ஆட்டாமல் ஊன்றச் சொல்லி அளக்க வேண்டும். ஏறி இருந்தால் மறுபடி அளக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இது நடக்கிறதா?

ஐ.ஐ.டி. கருவி வந்தாலும் இந்தப் பெஞ்சுக்குத்தான் வர வேண்டும். அழுத்தம் ஏறிய பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் முடிவு தெரிந்தால், யாரைச் சில கிலோமீட்டர் தள்ளி உள்ள மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, யாரை அடுத்த வாரம் வரச் சொல்லுவது என்று அங்கேயே முடிவு செய்யலாம். பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால், உண்மையான ஆபத்தோடு வரும் பெண்ணுக்குக் கட்டில் கிடைக்கும். "ஆபத்து இல்லை" என்று சொல்லும் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் பயன்படும்.

பேதி உப்பும் கேழ்வரகும்

நோய் வந்தால் வைத்தியம் என்ன? பிரசவம்தான் முடிவான வைத்தியம். தடுப்பானை ரத்தத்தில் இருந்து வடிகட்டி எடுக்கும் முயற்சி ஜெர்மனியில் நடந்தது. ஒரு தடவை வடிகட்டிய பெண்களுக்குச் சராசரியாக 8 நாள், பல தடவை வடிகட்டியவர்களுக்கு 15 நாள் பிரசவம் தள்ளிப் போயிற்று என்று 2016-ல் எழுதினார்கள். விரல் விட்டு எண்ணக் கூடிய பெண்களிடம் நடந்த சோதனை அது.

வலிப்பைத் தடுக்க இருக்கும் சிறந்த மருந்து, மக்னீசியம் சல்பேட். வேறு ஒன்றும் அல்ல. பாட்டிமார் காலத்துப் பேதி உப்பு! அதைச் சுத்தப்படுத்தி ஊசியாகப் போடுகிறார்கள். 33 நாடுகளில் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்து, வலிப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று 2002-ல் நிரூபித்தார்கள்.

நோய் வராமல் தடுக்க ஆஸ்பிரின். 11 முதல் 14 வாரத்துக்குள், ஆபத்து அதிகம் உள்ள பெண்களுக்குத் தினம் 150 மில்லிகிராம் கொடுக்கத் தொடங்கினார்கள், லண்டன் டாக்டர்கள். குறைமாதத்தில் வரும் பிரீ-எக்லாம்ப்சியா 100-க்கு 4 பேர் என்பதில் இருந்து 2 பேருக்கும் கீழே இறங்கியது. 2017-ம் ஆண்டுச் செய்தி. ஆனால், மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல அது. யாருக்கு வேண்டும் என்று டாக்டர் சொல்ல வேண்டும். முந்திய பிரசவத்தில் இந்த நோய் வந்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மூன்றாம் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கேட்டால் பயன் குறைவு. வாய்க்கால் வெட்டும் வேலை முடிந்து போய் இருக்கும்.

இன்னொன்று, சுண்ணாம்புச் சத்து. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையைப் பாதிப் பேர் பரணில் போட்டு விடுகிறார்கள் என்று நர்சுகள் அலுத்துக் கொள்ளுவது உண்டு. பெங்களூரிலும், ஆப்பிரிக்காவில் டான்சானியாவிலும் தலா 11 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 2024 ஜனவரியில் வெளியாயிற்று. தினம் 1,500 மில்லிகிராம் கொடுத்தாலும் 500 மில்லிகிராம் கொடுத்தாலும் இந்த நோயைத் தடுப்பதில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மாத்திரையோடு கேழ்வரகுக் கூழும், முருங்கைக் கீரையும் சேர்ந்தால் நல்லதுதான்.

உப்பில்லாப் பத்தியம் இந்த நோயைத் தடுப்பது இல்லை. பார்லித் தண்ணீர் கெடுதல் செய்யாது. அதைக் குடித்துவிட்டு எத்தனை நாள் காத்து இருக்கிறார்கள் என்பதில்தான் கெடுதல்.

பிள்ளை பிறந்த பிறகும்...

"பிள்ளை பிறந்தாச்சு, இனிமேல் பயம் இல்லை" என்று நினைப்பதும் தப்பு. பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். முதல் இரண்டு, மூன்று நாள் மிகவும் முக்கியம். ஆறு வாரம் வரை தலைவலியோ, கண் மங்கலோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தீட்டு என்று சொல்லி, பிள்ளை பெற்றவளை இருட்டறையில் படுக்க வைக்கும் வீடுகளில் இது தெரிவது இல்லை.

ஆண்டுகள் போனாலும் இந்த நோயின் கணக்கு முடிவது இல்லை. ஒரு தடவை இது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கு மேல். மாரடைப்புக்கு இரு மடங்கு. அந்தப் பிள்ளைகளுக்கும், வளர்ந்து வரும்போது ரத்த அழுத்தம் மற்ற பிள்ளைகளைவிட இரண்டு புள்ளி அளவுக்கு அதிகமாக இருப்பதைக் கண்டு இருக்கிறார்கள். கர்ப்பத்தில் நுழைந்த ஹார்மோன்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைத்தான் இப்போது துருவிக் கொண்டு இருக்கிறார்கள்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, நல்ல நாள் பார்த்து, பிள்ளையோடு பெண்ணைப் புருஷன் வீட்டில் கொண்டு போய் விடுவார்கள். தொட்டில் போகும். பால் பாட்டில் போகும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஒத்தக்கடை வீட்டுப் பீரோவிலேயே தங்கி விடும். "கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்பு" என்று அதில் ஒரு வரி எழுதி இருக்கும். அடுத்த பிள்ளைக்கு மூன்றாம் மாதம் ஆகும்போது, புருஷன் ஊர் நர்ஸ் பார்க்க வேண்டிய வரி அது.